நல்ல கிருமியை நம்பி ஓடிய கதை

எங்கள் பக்கம் ஓடுகிறவனைப் பார்த்து யாரும் 'ஏன் ஓடுகிறாய்' என்று கேட்பதில்லை. முதலில் கூடவே ஓடிவிடுவார்கள். எங்காவது நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் விசாரணை. பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிடும். கம்பெனிக்குள் ஓடுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அந்தக் காரணம் வந்துவிட்டால் ஊர், பேர் கேட்டுக்கொண்டு நிற்க நேரமிருக்காது.

இந்த விதிக்கு இரண்டாவது காரணம் ஒன்றை உண்டாக்கியவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சிவகாசி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் என்னிடமே அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "அந்த ஆளு இப்ப எங்கன இருக்காரோ" என்று வருத்தப்பட்டிருக்கிறார். (அவர் சொன்ன கதையில் எனக்குத் தொப்பை கொஞ்சம் அதிகம்.) எப்படியும் ஆளாளுக்குச் சொல்கிறார்கள், நானே சொன்னால் தொப்பையாவது குறையும் என்றுதான் எழுதுகிறேன்.

விருதுநகரில் எங்கள் குடும்பத்துக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். வத்தல் மூட்டைகளுக்கு நடுவே தும்மித் தும்மியே வளர்ந்தவன், தும்மலுக்குப் பயந்து வேதியியல் படித்தேன். படித்த படிப்புக்கு ஆமத்தூர் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்புப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. தொழிலாளர்கள் என்னை 'பாய் சார்' என்பார்கள். என் வேலை, பார்க்கிறவர்களிடமெல்லாம் 'கூடாது' என்று சொல்வது. ஓடக் கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது, செல்போன் கூடாது, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உடுப்பில் ஜிப், கொக்கி, பெல்ட் என்று எந்த இரும்பும் கூடாது. எல்லாரும் நாடா வைத்த பருத்திக் கால்சட்டைதான். நாடா நுனி தொங்கி எதிலாவது மாட்டக் கூடாது என்பதால் இரட்டை முடிச்சு போட வேண்டும் என்று ஒரு உத்தரவும் போட்டேன். இந்த இரட்டை முடிச்சு பிற்பாடு வருகிறது.

கம்பெனியின் நடுவில் ஒரு கழிப்பறை இருந்தது. அது ரசாயனம் வைக்கும் அறைக்கு ரொம்பப் பக்கம் என்று எழுதிக் கொடுத்து இடிக்க வைத்தவனும் நான்தான். புதுக் கழிப்பறையைக் கடைசி மூலையில், கழிவுகளை எரிக்கும் குழிக்கு அந்தப் பக்கம், வேலியோரம் கட்டினார்கள். அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று பெண்கள் முணுமுணுத்தபோது, "நடக்கிறது உடம்புக்கு நல்லது" என்று சொன்னேன். இதுவும் பிற்பாடு வருகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் மாதாந்திர மின்தடை. காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு ஃப்ரிட்ஜில் இருந்தது. என் மனைவி ஹசீனா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது ஆகாது, கொட்டிருவோம்" என்றாள்.

"சூடு பண்ணினா எல்லாக் கிருமியும் செத்துரும். நான் வேதியியல் படிச்சவன்" என்றேன்.

"அப்ப வேதியியல் படிச்ச ஆளே சாப்பிடுங்க. எனக்கு ரசம் போதும்."

சூடு பண்ணினால் கிருமி சாகும் என்பது சரிதான். (எல்லாம் சாகாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.) ஆனால் சூடு பண்ண வேண்டும். எனக்குப் பசி. ஓரத்தில் லேசாகக் குமிழ் வந்ததும் இறக்கிவிட்டேன்.

அடுத்த நாள் ராத்திரியிலிருந்து நடந்ததை நாகரிகம் கருதி ஒரே வரியில் சொல்கிறேன்: எங்கள் வீட்டுக் கழிப்பறையின் சுவரில் எத்தனை ஓடுகள் பதித்திருக்கிறது என்று இன்றும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும். காய்ச்சலும் வந்தது. வியாழக்கிழமை ஹசீனா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அதிகம் பேசாத மனிதர். பரிசோதனைக்கு அனுப்பினார், முடிவைப் பார்த்தார், "பாக்டீரியா" என்றார். இரண்டு மருந்துகள் எழுதினார்.

"இந்த மாத்திரை அஞ்சு நாளைக்கு. இது கிருமியைக் கொல்றது. நடுவுல நிறுத்தக் கூடாது. இந்தக் கேப்சூல்ல நல்ல பாக்டீரியா இருக்கு. இது சும்மா ஒத்தாசைக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போடாதீங்க, ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. உப்பு-சர்க்கரைத் தண்ணி நிறையக் குடிங்க. ஒரு வாரம் வேலைக்குப் போக வேண்டாம்."

மற்ற ஊர்க்காரன் யாராக இருந்தாலும் இதைக் கேட்டு அப்படியே செய்திருப்பான். நான் பட்டாசுக் கம்பெனிக்காரன். 'ரெண்டையும் ஒண்ணாப் போடாதீங்க' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு வேறொரு புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. சேரக் கூடாத இரண்டு பொருள்களை ஒரே கூரைக்குக் கீழே வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நடுவில் இரண்டு மணி நேரம் என்ன, இரண்டு நாள் விட்டாலும் கூடாது. தனித்தனிக் கிடங்கு வேண்டும். இல்லையென்றால் இரண்டில் ஒன்றைக் கம்பெனியை விட்டே வெளியேற்ற வேண்டும். எனக்கு இருப்பது ஒரே வயிறு. அதில் தனிக் கிடங்கு கட்ட வழியில்லை.

ஆகவே ஒன்றை வெளியேற்றுவது என்று முடிவு செய்தேன். எதை என்பதை போன் தீர்மானித்தது. வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டுப் படுத்திருந்தபோது நல்ல கிருமிகளைப் பற்றி வரிசையாக வீடியோ பார்த்தேன். ஒருவர், கிருமிக்கொல்லி மாத்திரை நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்றார். இன்னொருவர், நல்ல கிருமி பெருகினால் கெட்ட கிருமி தானே இடத்தைக் காலி செய்துவிடும் என்றார். மூன்றாமவர் பழைய சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண் கலங்கினார். நான் ஒரே ஒரு நாள் போட்டிருந்த மாத்திரை அட்டையை எடுத்து, என் பட்டப்படிப்புச் சான்றிதழ் வைத்திருந்த கோப்புக்குள் சொருகி அலமாரியில் வைத்துவிட்டேன். கேப்சூலை இரட்டிப்பாக்கினேன். அதோடு காலையில் பழைய சோறு, மத்தியானம் தயிர், சாயங்காலம் மோர். மாத்திரை போட்டீர்களா என்று ஹசீனா கேட்டபோதெல்லாம் "போட்டாச்சு" என்றேன். கேப்சூலைத்தான் போட்டேன், ஆகவே பொய் சொல்லவில்லை என்று என் மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை கம்பெனி முதலாளி போன் செய்தார். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"பாய், உடம்பு எப்படி இருக்கு? திங்கக்கெழம ஆய்வுக்கு வாராக. போன தடவையே நம்ம ஆளுகளுக்கு ஆபத்துன்னா எப்படி வெளியேறணும்னு தெரியலன்னு எழுதிட்டுப் போயிட்டாக. இந்தத் தடவையும் அதே குறை இருந்துச்சுன்னா பூட்டச் சொல்லிருவாகளாம். சீசன் நேரம். ஆர்டர் அம்புட்டும் அப்படியே நிக்குது. நீங்க இல்லாம முடியாது. வந்துருவீகள்ல?"

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. இப்போது பூட்டினால் எண்பத்தைந்து பேருக்கு வேலை இல்லை, பழி எனக்கு. பாதுகாப்புப் பொறுப்பாளன் நான்தானே. "வயிறு சுத்தமாச் சரியாயிருச்சு அண்ணாச்சி" என்றேன். சொன்ன கையோடு கிளம்பிப் போய் அன்று மத்தியானமே வேப்பமரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்து வகுப்பும் எடுத்தேன். ஓடக் கூடாது என்பதில் ஆரம்பித்து, ஓட வேண்டிய நேரம் வந்தால் எந்தப் பாதையில் ஓடிக் கேட்டுக்கு அருகே எங்கே கூட வேண்டும் என்பது வரை சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல், நல்ல கிருமியின் மகிமையைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினேன்.

சரவெடி பின்னும் அறையில் மூத்தவள் பாண்டியம்மாள். என் வகுப்புகளில் கேள்வி கேட்கும் ஒரே ஆள்.

"பாய் சார், நல்ல கிருமி எது, கெட்ட கிருமி எதுன்னு வயித்துக்குள்ள போயி யாரு அடையாளம் பாக்கா?"

"அதுகளே பாத்துக்கிடும்."

"கண்ணால பாக்கிற மனுசனையே நல்லவனா கெட்டவனான்னு நம்மால கண்டுபிடிக்க முடியல" என்றாள் பாண்டியம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். அறிவியல் தெரியாத சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஒரு பெரிய கிண்ணம் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டு, கூடவே இரண்டு கேப்சூலும் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். ஆய்வுக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. பருத்திச் சேலை, சின்னக் குரல், கையில் ஒரு கோப்பு. நிதானமாக நடந்தார். ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று ஆட்களை எண்ணினார், வாளியில் மணல் இருக்கிறதா என்று பார்த்தார், எழுதினார். அண்ணாச்சி ஒரு பக்கம், நான் மறு பக்கம்.

நாலாவது அறையில் வயிற்றுக்குள் லேசாக ஒரு சத்தம். நல்ல கிருமிகள் வேலை செய்கின்றன என்று சந்தோஷப்பட்டேன். ஏழாவது அறையில் அது வேலை செய்கிற சத்தம் மாதிரி இல்லை. ஒன்பதாவது அறைக்கு வந்தபோது நெற்றியில் வேர்த்தது. கடைசி மூலையிலிருந்த கழிப்பறையைப் பார்த்தேன். ஆமத்தூரே அதைவிடப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது.

பதினோராவது அறை பாண்டியம்மாளின் அறை. வாசலில் நின்று மேடம் கோப்பைப் புரட்டினார். போன ஆய்வின் குறையைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆபத்துன்னா உங்க தொழிலாளர்கள் என்ன செய்வாங்க? சொல்லிக் குடுத்திருக்கீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்ததே தப்பு. உடம்பில் ஒரு பக்கத்துக் கவனம் குறைந்தால் இன்னொரு பக்கம் கட்டுப்பாடு போய்விடுகிறது. "ஒரு நிமிசம் மேடம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பத்து எட்டு நடந்தேன். அப்புறம் வேகமாக நடந்தேன். அதற்குப் பிறகு, மூன்று வருடமாக எண்பத்தைந்து பேரிடம் நாள் தவறாமல் 'கூடாது' என்று சொன்ன அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பின்னால் பாண்டியம்மாளின் குரல் கேட்டது: "ஏலே, பாய் சாரே ஓடுறாரு!"

அவ்வளவுதான். சரவெடி பாதியில் விழுந்தது, லேபிள் ஒட்டியவர்கள் பசைக் கையோடு எழுந்தார்கள். அத்தனை அறையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து, நான் சொல்லிக் கொடுத்த பாதையில், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே கேட்டை நோக்கி ஓடினார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினாராம். மேடம் கோப்பைக் கீழே போடாமல் ஓடினார் என்று சொல்கிறார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. உலகத்தில் எனக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே வேறொன்றும் இல்லை.

உள்ளே போய்த் தாழ்ப்பாளும் போட்டாகிவிட்டது. இரட்டை முடிச்சு! விரல் வேர்த்து வழுக்கியது, முடிச்சு மேலும் இறுகியது. கடைசியில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். நாடா அறுந்தது. நேரத்துக்கு அறுந்தது என்று மட்டும் சொல்லி இந்தப் பத்தியை முடித்துக்கொள்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் காது கேட்க ஆரம்பித்தது. வெளியே பேச்சுச் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டில் வாட்ச்மேன் செல்லையா கையால் சுற்றுகிற அபாயச் சங்கு ஊதியது. அது விளையாட்டுக்கு ஊதுகிற சங்கு இல்லை. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். எண்பத்தைந்து பேரும் வெளியே எங்கே எப்படி இருக்கிறார்களோ, அவர்களைப் பாதுகாக்கச் சம்பளம் வாங்குகிறவன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வெடிச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. புகை வாடை வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். (அந்த இடத்தில் அது புத்திசாலித்தனமான காரியம் இல்லை.) புகையும் இல்லை. மெதுவாக, ஒவ்வொன்றாக, எனக்கு விளங்கியது. ஆபத்து நான்தான்.

கேட்டில் அதற்குள் வருகைப் பதிவேட்டை வைத்து ஆள் எண்ணியிருக்கிறார்கள். பதிவேட்டில் எண்பத்தாறு, நின்றது எண்பத்தைந்து. காணாமல் போனது யாரென்று பார்த்தால் நான். கடைசியாக என்னைப் பார்த்தது யார் என்று கேட்டால் பாண்டியம்மாள். நான் எந்தப் பக்கம் ஓடினேன் என்றால் கழிவு எரிக்கும் குழிப் பக்கம். எல்லாரும் கேட்டுப் பக்கம் ஓடும்போது ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினால் என்ன அர்த்தம்? குழியில் ஏதோ பற்றியதைப் பார்த்துவிட்டு, மற்றவர்களைக் காப்பாற்ற அதை அணைக்க ஓடியிருக்கிறார். கழிப்பறையும் அந்தத் திசையில்தான் இருக்கிறது என்பது, எண்பத்தைந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சியும் மேடமும் பாண்டியம்மாளும் இன்னும் சிலரும் என்னைத் தேடி வந்தார்கள். குழிக்கு முப்பது அடி முன்னாலேயே மேடம் எல்லாரையும் நிறுத்திவிட்டார். தீயணைப்பு வண்டி வரும்வரை யாரும் கிட்டப் போகக் கூடாது. அது சரியான விதி. கழிப்பறை குழிக்கு அந்தப் பக்கம்தான் என்பதால் அவர்கள் பேசுவது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

"புகை ஒண்ணும் தெரியலையே?" என்றார் மேடம்.

"புகையாம இருக்கதுதான் மேடம் ஆபத்து" என்றார் அண்ணாச்சி. "நல்ல மனுசன். வர வேண்டாம்னு சொல்லாம, உடம்பு சரியில்லாத ஆள நாந்தான் கூப்பிட்டேன்."

அப்புறம் பாண்டியம்மாள் ஆரம்பித்தாள். அவள் பகுதிப் பெண்களிலேயே சாவு வீட்டில் முதல் குரல் கொடுக்கிறவள் அவள்தான் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஓடாதீக ஓடாதீகன்னு ஓயாமச் சொன்னீகளே,
ஓடுன ஒத்த நாள்ல ஒரேடியாப் போனீகளே!"

உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் அந்தக் கம்பெனியில் என்னைப் பற்றி ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இன்னும் இரண்டு அடி பாடட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் அண்ணாச்சியின் அடுத்த வார்த்தை காதில் விழுந்தது.

"செல்லையாட்டச் சொல்லி அவுக வீட்டுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. பக்குவமாச் சொல்லச் சொல்லுங்க."

எங்கள் தெருவில் முன்பு ஒருமுறை ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு போன் வந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் நான் பகலில் ஹசீனாவிடம் பேசியதே இல்லை. கம்பெனி நம்பர் அவளிடம் இருந்தது. அந்த நம்பரிலிருந்து ஒரு நாளும் போன் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

"நான் உள்ள இருக்கேன்! உசிரோட இருக்கேன்!" என்று கத்தினேன். காலியாகிப்போன வயிற்றிலிருந்து குரல் எழவில்லை. எழுந்த கொஞ்சத்தையும் சங்கும் ஒப்பாரியும் பங்கு போட்டுக்கொண்டன. அறுந்த நாடாவின் ஒரு நுனி கால்சட்டை மடிப்புக்குள் வேறு புகுந்துவிட்டது. இனி அதைத் தேடிப் பலனில்லை. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து கேட்டை நோக்கி ஓடினேன்.

செத்தவன் ஓடி வருவதை முதலில் பார்த்தது பாண்டியம்மாள். பாட்டு நின்றது. அப்புறம் அவளும் ஓடினாள், எனக்கு முன்னால், கேட்டைப் பார்த்து. அண்ணாச்சி ஓடினார். மேடம் இந்த முறை கோப்பைப் போட்டுவிட்டு ஓடினார். கேட்டருகே நின்ற எண்பது பேரும் இதைப் பார்த்துவிட்டு ரோட்டுக்கே ஓடிவிட்டார்கள். "ஓடாதீக! வயிறு! வயிறுதான்!" என்று கத்திக்கொண்டே பின்னால் நான். அன்றைய நாளின் இரண்டாவது ஓட்டத்தில் எங்கள் கம்பெனி முதல் ஓட்டத்தைவிடச் சீக்கிரமாகக் காலியானது.

நான் கேட்டுக்கு வந்தபோது செல்லையா மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.

"சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன் சார். பக்குவமாத்தான் சொன்னேன். 'ஒண்ணுமில்லக்கா, பதறாம கிளம்பி வாங்க'ன்னு."

எங்கள் ஊரில் இதைவிடக் கொடுமையான வார்த்தை கிடையாது. திருப்பிப் போன் செய்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. போனை வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். விருதுநகரிலிருந்து ஆட்டோ வருவதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் யாரோ கொடுத்த சணல் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். வயிறு வலித்தது. அது பெரிதாகத் தெரியவில்லை. ஆட்டோவுக்குள் அவள் என்ன நினைத்துக்கொண்டு வருவாள் என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

நான் நிற்க வேண்டிய இடம் ரோட்டோரம்தான் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். "தூரத்துலயே ஒங்களப் பாத்துரட்டும்." எல்லாரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். சிரிப்பு வரும் நேரம்தான் அது, ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆட்டோ நின்றது. ஹசீனா இறங்கினாள். ஒரு காலில் அவள் செருப்பு, ஒரு காலில் என் செருப்பு. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். சணல் கயிற்றைப் பார்த்தாள். அப்புறம் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கையிலிருந்த கோப்பால்தான் அடித்தாள். அது என் பட்டப்படிப்புச் சான்றிதழ்க் கோப்பு.

"ஆஸ்பத்திரியில அடையாள அட்டை கேப்பாகளேன்னு கையில கிடைச்ச கோப்ப எடுத்துட்டு ஓடியாந்தேன்" என்றாள். "ஆட்டோவுல திறந்து பாத்தா இதான் இருக்கு." மாத்திரை அட்டையை உயர்த்திப் பிடித்தாள். ஒரே ஒரு நாள் மாத்திரை போக மற்றதெல்லாம் பத்திரமாக இருந்தன. "போட்டாச்சு, போட்டாச்சுன்னீகளே!"

எண்பத்தைந்து பேரும் அந்த அட்டையைப் பார்த்தார்கள்.

"நல்ல கிருமி பாத்துக்கிடும்னு சொன்னீகளே சார்?" என்றாள் பாண்டியம்மாள். அப்போதுதான் முதல் ஆள் சிரித்தது. அது மேடம் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஹசீனா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அங்கேயே மைல்கல்லில் உட்கார்ந்து, அவ்வளவு நேரம் அழாததை அழுது முடித்தாள்.

அதே ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். என்னுடைய கிடங்கு தத்துவத்தை அவரிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டார். "சண்டை போடுற ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டு, சமையல்காரனை எல்லைக்கு அனுப்பியிருக்கீங்க" என்றார். திரும்பப் பரிசோதனை செய்து, புதிதாக மாத்திரை எழுதி, சீட்டை ஹசீனா கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்த டாக்டரும் என் கையில் சீட்டைக் கொடுத்ததில்லை. வேளா வேளைக்கு மாத்திரையை அவளே வாயில் போட்டுவிட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். வயிறு சரியாகிவிட்டது. கேப்சூல்களும் தம் பங்குக்கு ஒத்தாசை செய்திருக்கலாம். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஆய்வு அறிக்கை அடுத்த வாரம் வந்தது. தொழிலாளர்கள் அனைவரும் குறித்த பாதையில், நெரிசலின்றி, மிக விரைவாக இரண்டு முறை வெளியேறினார்கள் என்று எழுதியிருந்தார்கள். கம்பெனியைப் பூட்டவில்லை. அண்ணாச்சி அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். அடியில் இன்னொரு வரியும் இருந்தது: 'பாதுகாப்புப் பொறுப்பாளர் மட்டும் கூடுமிடத்துக்கு வந்து சேரவில்லை, அவருக்கு உரிய பயிற்சி அளிக்கப்பட வேண்டும்.' அதையும் சேர்த்துத்தான் மாட்டியிருக்கிறார். எனக்குப் பயிற்சி அளிக்க அண்ணாச்சி தேர்ந்தெடுத்த ஆள் பாண்டியம்மாள்.

இப்போது எங்கள் கம்பெனி அறிவிப்புப் பலகையில், என் கையெழுத்தில், ஒரு விதி இருக்கிறது: கழிப்பறைக்கு அவசரமாகச் செல்வோர் 'வயிறு, வயிறு' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு செல்லவும். புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் வெட்கப்படுவார்கள், அப்புறம் பழகிவிடும். எங்கள் வீட்டிலும் இது சட்டம்தான். நான் நாற்காலியை விட்டுச் சட்டென்று எழுந்தால் என் மகள்கள் இருவரும் வாசலுக்கு ஓடி நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, "அத்தாவக் காணோம்!" என்று கத்துவார்கள். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் பந்தியிலிருந்து நான் பாதியில் எழுந்தால் மூன்று வரிசை தள்ளி யாராவது "வயிறா?" என்று கேட்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். ஹசீனாவும் இப்போது சிரிக்கிறாள்.

ஆனால் ஒன்றை மட்டும் யாரும் விளையாட்டாகச் செய்வதில்லை. கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தால் செல்லையா ஹலோ சொல்வதில்லை. போன வாரம் நான் டிபன் பாக்ஸை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். அதைச் சொல்லத்தான் அவரைப் போன் போடச் சொன்னேன். எனக்கு வயிற்றுக்கு ஒன்றுமில்லை, அவருக்கும் ஒன்றுமில்லை. மறுபக்கம் எடுத்தவுடனே வழக்கம்போல, "வயிறுதான்க்கா, வயிறுதான்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தார். அந்தப் பக்கம் ஹசீனா மூச்சு விடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் டிபன் பாக்ஸைப் பற்றிப் பேசினார்.